வரிசையில் நின்ற தண்ணீர்

ஐப்பசியின் மூன்றாம் திங்கட்கிழமை, நாணல்பேட்டை மண்டல அலுவலகத்தில் குறை கேட்கும் நாளன்று, மனு கொடுக்க நின்றவர்களின் வரிசையில் தண்ணீரும் வந்து நின்றுகொண்டது. அதற்கு முன்னால் நின்ற முதியோர் உதவித்தொகைக்காரர் திரும்பிப் பார்த்து, "கடைசி ஆள் நான்தான், எனக்குப் பின்னாடி நில்லு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? பட்டா மாறாதவர்களும், குடும்ப அட்டையிலிருந்து செத்துப்போன மாமியாரின் பெயரை நீக்க முடியாதவர்களும், ஒரு தெருவிளக்குக்காக ஏழு வருடமாக அலைகிறவர்களும் நிற்கிற வரிசை அது. இருபது வருடமாகப் போக்கிடமில்லாமல் அந்த ஊரின் கூடங்களிலும் சமையலறைகளிலும் படுத்தெழுந்து திரிந்த தண்ணீர், என்றைக்காவது அங்கே வந்துதான் தீரும் என்று எல்லாருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் ஆள் அகலம், இடுப்பளவு உயரம். இரண்டு பக்கமும் சுவரில்லை, கண்ணாடியில்லை. வெட்டி வைத்த அல்வாவைப் போல விளிம்பு கலையாமல் நின்றது. கலங்கலான அதன் வயிற்றுக்குள் ஒற்றைச் செருப்பு ஒன்றும் இரண்டு கெண்டைக் குஞ்சுகளும் மிதந்தன. தலை உதவித்தொகைக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருக்க, உடல் அலுவலக வாசலைத் தாண்டி, கடைத்தெருவின் ஓரமாகவே போய், டெய்லர் அருளப்பன் கடைமுனையில் திரும்பி, ஏழாம் தெரு முழுக்க நீண்டு, அதன் கோடியில் நாணல் மண்டிக் கிடந்த பள்ளத்தில் போய் முடிந்தது. வரிசை ஓரடி நகர்ந்தால் தண்ணீரும் ஓரடி நகர்ந்தது. முந்தவில்லை. இடிக்கவில்லை.

அலுவலக வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் தகரத் தாழ்வாரத்தில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்து மனு எழுதுகிற பரிபூரணம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடமாக அதே இடம், அதே மேசை. ஊரில் அவளுக்கு ரைட்டரம்மா என்று பெயர். அவளுக்கும் ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. 'இவ்வளவு ஒழுங்கா நிக்கத் தெரிஞ்ச நீ, போன கார்த்திகையில என் பீரோவுக்குள்ள எதுக்குப் புகுந்தே?' என்று மனதுக்குள் கேட்டாள்.

நாணல்பேட்டை ஓர் ஏரியின் வயிற்றில் கட்டப்பட்ட ஊர். மனை விற்றவர்கள் வரைபடத்தில் நீலமாக இருந்ததைப் பச்சையாக்கினார்கள், பச்சையாக இருந்ததைக் கட்டம் கட்டமாக்கினார்கள், கடைசியில் ஏழாம் தெருக் கோடியில் ஒன்றேகால் ஏக்கர் மட்டும் பூங்காவுக்கென்று மிச்சம் வைத்தார்கள். பூங்கா வரவில்லை. நாணலும் கோரையும் வந்தன. மழைக்காலத்தில் பதினான்கு தெருத் தண்ணீரும் அந்தப் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டிருந்த வரைக்கும் பிழைப்பு ஓடியது. பிறகு கட்டட இடிபாட்டு லாரிகள் அங்கே வந்து கொட்ட ஆரம்பிக்க, பள்ளம் பாதியானது, தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வந்ததென்று சாலையை உயர்த்தினார்கள். சாலை உயர்ந்ததால் வீடு தாழ்ந்தது. வீடு தாழ்ந்ததென்று வாசற்படியை உயர்த்தினார்கள். கட்டில் காலுக்கு நான்கு செங்கல் என்ற கணக்கில் ஒவ்வொரு வீட்டிலும் பதினாறு செங்கல் பரண்மேல் இருக்கும். ஐப்பசி பிறந்ததும் தீபாவளிப் பலகாரத்துக்கு மாவரைப்பதைப் போல எல்லா வீட்டிலும் செங்கல் இறங்கும். பள்ளத்தை ஒட்டின கடைசி வீடு பரிபூரணத்துடையது. அந்தப் பள்ளம் முழுசாகத் தூர்ந்தால் அவள் வீட்டில் கட்டிலைப் பரண்மேல்தான் போடவேண்டும்.

அன்றைக்குப் பகல் ஒரு மணிக்கு மனு வாங்கும் ஜன்னல் மூடியது. முறை வராதவர்கள் அந்த ஊர் வழக்கப்படி தங்கள் இடத்தில் ஆளுக்கொரு செங்கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த திங்கட்கிழமை அவரவர் செங்கல்லுக்குப் பின்னால் வந்து நிற்கலாம், யாரும் தொடமாட்டார்கள். தண்ணீர் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. நடுவில் இரண்டு நாள் வெயில் சுள்ளென்று அடித்ததில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, தலைப்பக்கம் காணாமலே போனது. இதைப் பார்த்த உதவித்தொகைக்காரர் அது நின்ற இடத்தில் தன் கையாலேயே ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து வைத்தார். "மேல போயிருக்கு. வந்துரும். இடம் போச்சுன்னா பாவம்" என்றார். வியாழக்கிழமை மழை பெய்தது. தண்ணீர் வந்து அந்தச் செங்கல்லுக்குப் பின்னால் நின்றது.

அது வந்து நின்றதிலிருந்து நான்காவது திங்கட்கிழமை அதன் முறை வந்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்த உதவியாளர் வரதராஜு தலையைத் தூக்காமல், "மனு எங்க?" என்றார். தண்ணீர் சும்மா நின்றது.

"எழுதிக்கிட்டு வரணும்னு தெரியாதா? வாயில சொல்றதையெல்லாம் வாங்க முடியாது. அடுத்த ஆளு."

"யோவ், நாலு வாரமா நிக்குதுய்யா அது" என்று பின்னாலிருந்து நான்கைந்து பேர் கத்தினார்கள். "ரைட்டரம்மா! எழுந்து வாங்க. ஒண்ணு எழுதிக் குடுங்க."

பரிபூரணம் பேனாவை எடுத்துக்கொண்டு போனாள். மனு கொடுக்க வருகிறவர்களிடம் முதலில் பெயர் கேட்பாள், பிறகு குறை கேட்பாள். தண்ணீரிடம் எதைக் கேட்பது? ஆனால் பத்தொன்பது மழைக்காலம் அது அவள் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது. எந்தச் சுவரோரம் முதலில் வரும், எந்த அறையில் தயங்கும், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நிற்கும் என்று சொந்தக்காரரைத் தெரிவதைப் போல அவளுக்குத் தெரியும். அது எப்போதும் பின்வாசல் வழியாகப் பள்ளத்தின் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் எழுதினாள்: 'ஐயா, ஏழாம் தெருக் கோடியில் உள்ள ஒன்றேகால் ஏக்கர் பள்ளம் நான் படுக்கும் இடம். அதை எனக்கு விட்டுவிட்டால் நான் யார் வீட்டுக்கும் போகமாட்டேன்.' எழுதி முடித்து, தாளைத் தண்ணீரின் விளிம்பில் நீட்டினாள். கீழே ஓர் ஈரத்தடம் விழுந்தது, பெருவிரல் ரேகை அளவுக்கு. வரதராஜு அதன்மேல் முத்திரை குத்தினார்.

"பதில் வாங்கற ஜன்னல் அந்தப் பக்கம். பதில் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணு" என்றார். தண்ணீர் அந்தப் பக்கம் போய், அந்த ஜன்னலின் முதல் ஆளாக நின்றது.

அது நின்ற காலத்தில் நாணல்பேட்டைக்கு என்னென்னவோ நடந்தது. தண்ணீர் வரிசையில் நின்றதால் வீடுகளில் இல்லை. அந்த வருடம் அடைமழைக்கும் யார் வீட்டுக் கட்டிலும் செங்கல் ஏறவில்லை. அதை விடுங்கள், அது எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பாராதவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: நூற்றெண்பது அடியிலிருந்து காற்றை மட்டுமே இழுத்துக்கொண்டிருந்த ஐந்தாம் தெரு மோட்டார் ஒரு காலையில் இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது, துவைக்கத் துவைக்க மஞ்சளாகிக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டைகள் மறுபடி வெள்ளையாயின, கடைத்தெருவில் மத்தியானம் தகரக்கூரைக்கு அடியில் உட்காரமுடியாமல் கடையைச் சாத்திக்கொண்டு போகிற அருளப்பன், தண்ணீரை ஒட்டிக் காலை நீட்டிக்கொண்டு மிஷினை வெளியே போட்டுத் தைத்தார், அதைப் பார்த்துப் பக்கத்து இஸ்திரி வண்டிக்காரர் வந்தார், பிறகு சர்க்கரைக்கு நடக்கச் சொல்லப்பட்டும் நடக்காமலிருந்த பாதி ஊர் தண்ணீரின் ஓரமாகவே நடக்க ஆரம்பித்தது. ஏழாம் தெருப் பள்ளத்திலிருந்து நாணல் அதன் உடம்போடு கூடவே வளர்ந்து வந்து தபாலாபீஸ் வரைக்கும் நின்றது. கீரைக்காரி அங்கேயே குனிந்து பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் கிள்ளி அங்கேயே விற்றாள். தட்டான்கள் வந்தன, தவளைகள் வந்தன, அவற்றின் தயவில் கொசு போனது. நத்தைக்கொத்தி நாரை ஒன்று அலுவலக ஜீப்பின்மேல் நின்று வரிசையில் இருந்தவர்களை எண்ணுவதைப் போலப் பார்த்தது. ஒன்பது வருடமாகச் சுற்றுச்சுவர் வழக்கில் பேசாமலிருந்த ஆறாம் தெரு அண்ணன் தம்பிகள், இருவருமே நீலத் தாழைக்கோழிக் குஞ்சுகளைப் பார்க்க வந்து, ஒரே கல்லில் உட்கார நேர்ந்து, "நாலு குஞ்சா அஞ்சா?" என்பதில் பேச்சைத் தொடங்கினார்கள்.

ஆனாலும் குறை சொல்லாவிட்டால் அது நாணல்பேட்டையா? தவளைச் சத்தத்தில் சீரியல் வசனம் கேட்கவில்லை என்றார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் ரத்தினசபாபதியின் குளியலறையில் ஒரு தண்ணீர்ப்பாம்பு ஒரு நாள் வாளிக்குள் சுருண்டிருந்ததை அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். அவருக்குப் பள்ளத்தின்மேல் ஒரு திருமண மண்டபம் வரவேண்டும், அதற்குச் சங்கத்தின் பெயர் இருக்கவேண்டும்.

மார்கழி பிறந்த வாரம் உதவிப் பொறியாளர் ஷாஹிதா கையில் ஒரு டேப்லட்டோடு வந்தாள். இருபத்தாறு வயது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். தண்ணீரின் நீளத்தை நடந்தே அளந்து, நாணலை நின்று பார்த்து, தாழைக்கோழிக் குஞ்சுகளை எண்ணி, கடைசியில் பரிபூரணத்தின் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ரைட்டரம்மா, இந்த வருஷம் உங்க வீட்டுக்குள்ள எவ்வளவு தண்ணி வந்துச்சு?"

"வரலையே மேடம்."

"அப்போ சேதம் இல்லைன்னு போடணும்."

"அது இங்க வந்து நிக்கறதாலதான வரலை?"

"எனக்குத் தெரியுதுக்கா. இதுக்குத் தெரியலை." டேப்லட்டைத் திருப்பிக் காட்டினாள். "வெள்ளச் சேதம் எவ்வளவுன்னு போட்டாத்தான் அடுத்த பக்கம் திறக்கும். பூஜ்யம் போட்டா, 'இங்கு திட்டம் தேவையில்லை'ன்னு வருது."

"அதாவது, வெள்ளம் வந்தாத்தான் வெள்ளம் வராம இருக்க வழி பண்ணுவீங்க."

ஷாஹிதா நாணலைப் பார்த்தாள். "கான்கிரீட் வடிகால்னா நீளம், அகலம், ஆழம்னு மூணு கட்டம் இருக்கு. கடகடன்னு ஏறிடும். பள்ளத்த பள்ளமாவே விடறதுக்குக் கட்டமே இல்ல. 'இதர பயன்கள்'னு கடைசியில ஒண்ணு இருக்கு. அதுல போடலாம்."

"போடுங்க. மோட்டார் போடுங்க. சட்டை வெள்ளையானதப் போடுங்க. அருளப்பன் கடை, கீரைக்காரி, சர்க்கரைக்காரங்க நடக்கறது, அண்ணன் தம்பி பேசிக்கிட்டது..."

"இருபது எழுத்துதான் ஏறும்."

இரண்டு பேரும் அரைமணி நேரம் உட்கார்ந்து எதைப் போடுவது, எதை விடுவது என்று மாய்ந்தார்கள். கடைசியில் ஷாஹிதா 'குளிர்ச்சி, கிணற்று நீர், பறவைக' என்று தட்டினாள். 'ள்' ஏறவில்லை. இன்னொரு முறை தட்டினாள். ஏறவில்லை. அவள் மூக்கின் நுனி சிவந்துவிட்டது. "நான் தனியா நாலு பக்கம் எழுதி இணைச்சு அனுப்பறேன்" என்று தனக்கே சொல்லிக்கொள்வதைப் போலச் சொல்லிவிட்டு எழுந்தாள். நான்கு பக்கமும் எழுதினாள், அனுப்பினாள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தையில் பதில் வந்தது. தண்ணீருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வரதராஜு ஜன்னல் வழியாகவே உரக்கப் படித்தார். "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி பகுதியில் தேங்கும் மழைநீரை உடனடியாக அகற்றித் தரக் கோரி அறுநூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் ஏற்கெனவே நிலுவையில் உள்ளமையால், அவற்றின் மீது சாதகமான நடவடிக்கை எடுக்கும்பொருட்டு, ஏழாம் தெருக் கோடிப் பள்ளத்தை நிரப்பி, குறுக்கே கடற்கால்வாய் வரை கான்கிரீட் வடிகால் அமைத்து, தங்களை அகற்றிட ஆணையிடப்படுகிறது."

தண்ணீரின் மேல்பரப்பு ஒருமுறை சிலிர்த்தது. அவ்வளவுதான்.

பரிபூரணம் மேசையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள். "எந்த அறுநூத்திப் பன்னெண்டு மனு? யார் குடுத்தது? எடுங்க, பார்க்கணும்."

வரதராஜு ஒரு கட்டை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தார். சிவப்பு நாடாவை அவிழ்க்கவேண்டிய தேவைகூட இல்லாமல் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "எல்லாம் உங்க எழுத்துதாம்மா" என்றார் வரதராஜு. அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அவள் மேசை போட்ட முதல் வருடம், முதல் மனு, அவள் தனக்காகவே எழுதியது. 'பள்ளத்தைத் தூர்க்காமல் விடவேண்டும்' என்றுதான் எழுதியிருந்தாள். அப்போதிருந்த உதவியாளர் அதைத் திருப்பிக் கொடுத்து, "மூணு விதமா மட்டும்தான் கேக்கலாம். அகற்றித் தரணும், பழுதுபார்த்துத் தரணும், அமைத்துத் தரணும். விட்டுடுங்கன்னு கேக்கறதுக்கு எங்ககிட்ட ஃபைலே கிடையாது" என்றார். அவள் உடனே கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரியாக இருந்தது அவள் குற்றம். 'எங்கள் பகுதியில் தேங்கும் மழைநீரை உடனடியாக அகற்றித் தருமாறு' என்று அழகான கையெழுத்தில் ஒன்று எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, ஆயிரம் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கார்த்திகையிலும் நனைந்த பாயும் நனைந்த கோபமுமாக ஓடிவந்தவர்களிடம் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கினாள். பத்தொன்பது வருடம் யாரும் அவற்றைப் படிக்கவில்லை. படிக்கக்கூடாத வருடத்தில் படித்துவிட்டார்கள்.

"இதுக்கு என்ன வழி?" என்று கேட்டாள்.

"மனு குடுத்தவங்க நேர்ல வந்து வாபஸ் எழுதிக் குடுக்கலாம். வர்ற புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. அறுநூத்திப் பன்னெண்டும் வாபஸ் ஆகணும். ஒண்ணு நின்னாலும் ஃபைல் நிக்கும், வடிகால் வேலை நடக்கும்."

அவள் வீடு வீடாகப் போனாள். இரண்டு நாள் மேசை காலியாகக் கிடந்தது.

அருளப்பன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தார். "நீங்கதான எழுதினீங்க ரைட்டரம்மா. இப்ப நீங்களே வாபஸ்ங்கறீங்க. பேனாவுக்கு இப்பத்தான் மூளை முளைச்சுதா?"

"ஆமா டெய்லரே, முளைச்சிருக்கு. கையெழுத்து வேணும், போடறீங்களா?"

"போடறேன், போடறேன். காலுக்கு ஜில்லுன்னு இருக்கே, அதுக்காகப் போடறேன்."

எல்லாரும் அப்படி இல்லை. தினமும் தண்ணீரின் ஓரம் நடக்கிற ஒரு வாத்தியார், "நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுத்த வருஷம் வரிசையில நிக்காம வீட்டுக்குள்ள வந்துட்டா? வாபஸ் வாங்கினவன்னு என்னைத்தான சொல்வாங்க?" என்றார். இரண்டாம் தெருவில் ஒருத்தி, "காங்கிரீட்டுன்னா பார்க்க ஒரு வேலை நடந்த மாதிரி இருக்கும்" என்றாள். ரத்தினசபாபதி பரிபூரணத்தை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"தண்ணி நல்லதுன்னே வச்சுக்குவோம்மா. எத்தனை நாளைக்கு வாசல்ல நிறுத்தி வைப்பே? குழாயப் போட்டு மரியாதையா அனுப்பி வைக்கறதுதானே முறை?"

"அனுப்பிட்டு சித்திரையில லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கறோமே, அந்த வரிசை மரியாதையா தலைவரே?"

"உனக்குக் கோவம். உன் வீடு ஓரமா இருக்கு, அதான்."

"ஓரமா இருக்கறதாலதான் முதல்ல தெரியுது" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடிக்காமல் எழுந்தாள். தெருவில் இறங்கியதும் ஏன் இன்னும் நன்றாகத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

புதன்கிழமை, பாதிக்கு மேல் ஊர் வந்தது. வாபஸ் வாங்குவது பதில் வாங்கும் ஜன்னலில்தான். அங்கே முதல் ஆளாகத் தண்ணீர் நின்றிருந்தது. முந்திப் போக யாருக்கும் மனம் வரவில்லை. தயங்கினார்கள். வரதராஜு கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது தண்ணீர் ஓர் ஆள் அகலம் பின்னால் நகர்ந்தது. உதவித்தொகைக்காரர் அந்த இடத்தில் போய் நின்று கையெழுத்துப் போட்டார். தண்ணீர் இன்னும் ஓர் ஆள் அகலம் நகர்ந்தது. அருளப்பன் போனார். இப்படியே ஒவ்வொருவருக்கும் ஒரு அடி, ஒரு அடியாக வழிவிட்டு வழிவிட்டு, அலுவலக வாசலைத் தாண்டி, ஜீப்பைத் தாண்டி, கடைத்தெரு முழுக்கப் பின்னோக்கியே போய், தையல்கடை முனையில் திரும்பி, ஏழாம் தெருவில் வீடு வீடாகக் கடந்து, சாயங்காலத்துக்குள் பள்ளத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே போனதும், மூன்று மாதமாக நின்றுகொண்டே இருந்த அந்தத் தண்ணீர், முதலில் தலையைச் சாய்த்து, பிறகு இடுப்பைச் சாய்த்து, மெதுவாகப் படுத்தது. நாணல்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொண்டன. படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டது. அது தூங்கியதைப் பார்த்த பெண்கள் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

ஐந்து மணிக்கு வரதராஜு எண்ணிச் சொன்னார்: "நானூத்தி ஏழு."

மிச்சம் இருநூற்று ஐந்து. அதில் எழுபது பேர் வீட்டை விற்றுவிட்டு எங்கெங்கோ போனவர்கள், நாற்பது பேர் செத்தவர்கள், மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தும் வராதவர்கள். "செத்தவங்க எப்படிய்யா நேர்ல வருவாங்க?" என்று பரிபூரணம் கேட்டாள். அவர் ஜன்னலைச் சாத்தினார், ஆனால் சத்தம் வராமல் சாத்தினார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பொக்லைன் வந்தது. பரிபூரணம் பள்ளத்தின் கரையில் நின்றிருந்தாள். ஓட்டுநர் இறங்கி வந்து படுத்திருந்த தண்ணீரைப் பார்த்து, குரலைத் தானாகவே தாழ்த்திக்கொண்டு, "யாரு கோடு போடறது?" என்று கேட்டார்.

ஷாஹிதா ஒரு சாக்குச் சுண்ணாம்போடு வந்தாள். கோடு போடுவது அவள் வேலை. அவள் போடுகிற வெள்ளைக் கோட்டின்மேல்தான் இயந்திரம் தோண்டும். வரைபடத்தின்படி அந்தக் கோடு தண்ணீரின் நடுவயிற்றில் நேராகப் போகவேண்டும். அவள் சாக்கைப் பிரித்தாள். குனிந்தாள். பரிபூரணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது, ஷாஹிதா தண்ணீரின் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி, விளிம்பு வளைகிற இடமெல்லாம் வளைந்து, நாணலுக்கு வெளியே, கோரைக்கு வெளியே, தாழைக்கோழிக் கூட்டுக்கு வெளியே, சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே நடந்துகொண்டிருந்தாள். ஒன்றேகால் ஏக்கரையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து முடித்தாள். தலைமுதல் கால்வரை வெள்ளையாக இருந்தாள்.

"மேடம், டிராயிங்ல நேரா இருக்கே?"

"கோடு இதுதான். இதுக்கு வெளிய தோண்டுங்க. உள்ள ஒரு மண்வெட்டி விழக்கூடாது." இந்த முறை எல்லாருக்கும் கேட்டது.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "எனக்கென்ன மேடம். கோடு எங்கேயோ, தோண்டறது அங்க. ஆனா கம்பெனி சூப்பர்வைசர் பதினொரு மணிக்கு வந்து கோட்டப் போட்டோ எடுப்பாரு. போட்டோவுல இருக்கறதுதான் கணக்கு. கோடு அழிஞ்சிருந்துச்சுன்னா டிராயிங்படி நேரா விடச் சொல்லுவாரு. நான் மறுக்க முடியாது."

"மறுபடி போட்டுக்கலாம்ல?" என்றாள் பரிபூரணம்.

ஷாஹிதா காலிச் சாக்கை உதறிக் காட்டினாள். "ஒரு சாக்குதான் குடுத்தாங்க, நேர்க்கோட்டுக்கு."

அவள் சொல்லி முடிக்கவில்லை, பரிபூரணத்தின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. தை மாதத்தில் மழையா என்று அண்ணாந்தாள். இன்னொன்று நெற்றியில் விழுந்தது.  "ஏ பாழாப்போன மழையே, இப்பவா வருவே? உன் ஆளுக்குத்தான்டி இவ்வளவும் பண்றோம்!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். பிறகு ஏழாம் தெருவைப் பார்த்துத் திரும்பி, அதைவிட உரக்கக் கத்தினாள். "குடை! குடை எடுத்துட்டு வாங்க!"

முதலில் அருளப்பன் வந்தார், தன் தலைமேல் பிடித்துக்கொண்டு. அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக் கோட்டின்மேல் வைத்தாள். அவருக்குப் புரிந்தது. அடுத்து கீரைக்காரி, உதவித்தொகைக்காரர், ஆறாம் தெரு அண்ணன் தம்பி இருவரும் ஒரே குடையோடு. பிறகு வாபஸ் வாங்க வராத வாத்தியாரும் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஓரிடத்தில் உட்கார்ந்து குடையைத் தாழ்த்தினார். கறுப்புக் குடை, பூப்போட்ட குடை, கம்பி வெளியே நீட்டிய குடை, கடைக்காரரின் பெரிய விளம்பரக் குடை, குடையில்லாதவர்களின் நெகிழி விரிப்பு, கல்யாணத் தாம்பாளம். மழை பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்க ஒரு வளையமாகக் குந்தி உட்கார்ந்து, முதுகும் தலையும் சொட்டச் சொட்ட நனைய, ஒரு சுண்ணாம்புக் கோட்டை நனையாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில் தண்ணீர் எதுவும் தெரியாமல் தூங்கியது. அதன்மேல் விழுந்த மழை சத்தமில்லாமல் அதற்குள் போனது.

"போதலை! இந்தப் பக்கம் போதலை!" என்று ஷாஹிதா கத்துவது கேட்டது.

பரிபூரணம் ஓடினாள். மறுகரை மேட்டிலிருந்த ரத்தினசபாபதி வீட்டு மதிலுக்கு எதிரே ஓர் ஆள் நீளத்துக்குக் கோடு வெறுமனே கிடந்தது. அதன் விளிம்பு கரையத் தொடங்கி, பால் சிந்தியதைப் போல வெள்ளையாக ஒரு கீற்று ஓடிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலில் தலைவரின் முகம் தெரிந்தது. "தலைவரே, ஒரு குடை!" என்றாள். முகம் அசையவில்லை. பொக்லைனின் உறுமல் பின்னால் நிற்காமல் கேட்டது. இன்னொரு முறை கேட்கவோ, கெஞ்சவோ, திட்டவோ அவளிடம் சொல் மிச்சமில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த ஓர் ஆள் நீளத்தின்மேல் குப்புறப் படுத்தாள். சுண்ணாம்பு கழுத்தையும் வயிற்றையும் சுட்டது. வாயில் அதன் காரம் ஏறியது. மழை முதுகில் கல்லாக விழுந்தது.

"ரைட்டரம்மா, மணி என்ன?" என்று எட்டத்திலிருந்து அருளப்பன் கேட்டார்.

அவள் தலையைத் தூக்காமல் மணிக்கட்டைக் கண்ணருகில் கொண்டுவந்து பார்த்தாள்.

"ஒன்பதே கால்."